சபையில் சொன்ன சுகம்

ஆமா தம்பி, ஆஸ்பத்திரிப் பைதான். மதுரைக்குப் போய்விட்டுத் திரும்புகிறோம். உள்ளே எக்கோ படம், ஆஞ்சியோ சிடி எல்லாம் கிடக்கிறது. மேல் பெர்த்தில் வைத்தால் யாராவது பெட்டியைத் தூக்கி அதன்மேல் போட்டுவிடுவார்கள் என்று இவர், என் வீட்டுக்காரர், மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அப்படியே தூங்கியும் போனார், பாருங்க. நீங்க நல்லாச் சாய்ந்து உட்காருங்க. நாங்கள் திருநெல்வேலி தாண்டி நாசரேத்தில் இறங்க வேண்டும், இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது.

எனக்கு ஒன்றுமில்லை. எனக்கு முழங்கால் வலிதான், முழங்கால் போட்டு ஜெபிக்கிற எல்லாருக்கும் உள்ள வலி. இவருக்குத்தான் நெஞ்சு. மெதுவாகவே சொல்கிறேன். முழித்துக்கொண்டால், "யாரு எவருன்னு தெரியாம ஆரம்பிச்சிட்டியா" என்பார்.

அவர் பேசவே மாட்டார் தம்பி. ஆயுசெல்லாம் கண்டக்டர் வேலை. குரும்பூர், ஆறுமுகநேரி, திருச்செந்தூர் என்று நாள் முழுக்க ஊர்ப் பேரைக் கத்திக் கத்தி, வீட்டுக்கு வரும்போது வாய் தீர்ந்து போயிருக்கும். சோறு வைத்தால் சாப்பிடுவார். "உப்பு போதுமா" என்றால் தலையை ஆட்டுவார். அது போதும் என்கிற ஆட்டா, போதாது என்கிற ஆட்டா என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. அதனால் எங்கே போனாலும் அவருக்கும் சேர்த்து நான்தான் பேசுவது. பழகிப்போய்விட்டது. கல்யாண வீடானாலும் பேங்க் ஆனாலும், "என்ன அண்ணாச்சி, சுகமா?" என்று அவரைப் பார்த்துக் கேட்பார்கள், "சுகந்தான்" என்று நான் சொல்வேன்.

போன ஐப்பசியில் நல்ல மழை. ஓடு ஒழுகுகிறது, தார்ப்பாயை இழுத்துப் போடுகிறேன் என்று ஏணியில் ஏறினவர், பாதியில் இறங்கி அடுப்படிக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுப்படிக்குள் வந்து உட்காருகிற ஆளே இல்லை அவர். சட்டை நனைந்திருந்தது. மழை என்றுதான் நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் வியர்வை.

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இருதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு, உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் கதவு மூடிக்கொண்டது. நான் அந்தத் தரையிலேயே முழங்கால் போட்டேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு போனார்கள், எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. "ஆண்டவரே, இந்த மனுஷரை என் கையில் திருப்பிக் கொடுத்தால் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்வேன்" என்று பொருத்தனை பண்ணினேன்.

உங்களுக்கு இது தெரியுமோ என்னவோ. எங்கள் பக்கம் சர்ச்சுக்குக் கோயில் என்றுதான் பேர், பாதிரியாரை ஐயர் என்போம். சுகம் கிடைத்தவர்கள், பரீட்சையில் ஜெயித்தவர்கள், பிள்ளை இல்லாமல் இருந்து பிள்ளை பெற்றவர்கள் எல்லாம் ஆராதனையில் எழுந்து, எனக்கு ஆண்டவர் இன்னது செய்தார் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அதுதான் சாட்சி. நான் அதுவரை சொன்னதே இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். பெண்கள் கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னாலே பக்கத்தில் இருக்கிறவளின் சேலையைப் பிடித்துக்கொள்வேன்.

ஆண்டவர் கொடுத்தார், நானும் சொன்னேன். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆனால் வாயைத் திறந்ததும் எங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததோ! "சாவின் வாசல் வரைக்கும் போன என் வீட்டுக்காரருக்கு ஆண்டவர் பூரண சுகம் கொடுத்தார். ஒரு வலி இல்லை, ஒரு குறை இல்லை" என்றேன். பெண்கள் பக்கமெல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். ஐயர், "அண்ணாச்சி எழும்பி நில்லுங்க, சபை உங்களைப் பாக்கட்டும்" என்றார். இவர் எழும்பி நின்றார். நெடுநெடுவென்று, வெள்ளைச் சட்டையில். அதற்கு முன்னால் அவரை அத்தனை பேர் ஒன்றாய்ப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அதற்குப் பிறகு என்னை விடவில்லை. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்து ஊர் கோயிலில் கூப்பிட்டார்கள். "ரத்னபாய் அக்கா சாட்சி சொன்னால் கல்லும் கரையும்" என்று எங்கள் உபதேசியார் மனைவியே சொன்னாள். நான் கரையவைக்கவில்லை தம்பி, நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். இவரையும் கூடக் கூட்டிக்கொண்டு போவேன். ஆளைப் பார்த்தால்தானே நம்புவார்கள்.

இவரும் ஒரு தடவைகூட வரமாட்டேன் என்று சொன்னதில்லை.

நடந்துதான் போவோம். பாதி வழியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்ததும் நின்றுவிடுவார். மேலே அண்ணாந்து பார்ப்பார். "என்ன பாக்கீங்க?" "தொட்டி ரொம்பிட்டான்னு பாக்கேன்." "அது ரொம்புனா என்ன, ரொம்பாட்டா என்ன, நேரமாகுது வாங்க." கொஞ்ச தூரம் போனால் ஒரு வீட்டு வெளிச்சுவரில் கட்சிக்காரர் ஒட்டின நோட்டீஸ். நின்று வாசிப்பார், முழுசும் வாசிப்பார். அப்புறம் ஒரு வெள்ளாட்டைப் பார்த்து நிற்பார். "இது யார் ஆடு?" என்று கேட்பார். இவருக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்? வேலையிலிருந்து நின்றதும் ஆண்களுக்கு இப்படிச் சின்னப்பிள்ளைத்தனம் வந்துவிடும் போல என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

இன்னொன்றும் மாறியது. முன்பெல்லாம் குடும்ப ஜெபத்தில் நான் ஆமென் சொல்வதற்குள் எழும்பிவிடுவார். இப்போது, நாற்காலியில் தலையைக் கவிழ்த்து முழங்கால் போட்டவர், நான் எழும்பி, அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் அப்படியே இருப்பார். நெற்றி நாற்காலியில், ஒரு கை நெஞ்சில். எனக்குக் கண் நிறைந்துபோகும். நான் எத்தனை வருஷம் ஜெபித்தது, இந்த மனுஷருக்கு ஒரு ஜெப ஆவி வர வேண்டும் என்று! சத்தம் போடாமல் பின்னால் நடந்து போய்விடுவேன். இதையும் அடுத்த கூட்டத்தில் சேர்த்துச் சொன்னேன். "ஆண்டவர் சரீரத்துக்கு மட்டும் சுகம் கொடுக்கவில்லை" என்று.

ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்கும் ஒழுங்காகப் போனோம். அந்த டாக்டர், "வலி ஏதும் இருக்கா?" என்று கேட்பார். "தேவ கிருபையால ஒன்னும் இல்ல டாக்டர்" என்பேன். "நடக்கும்போது?" "கோயிலுக்கு நடந்துதான் போறாங்க." டாக்டர் இவரைப் பார்ப்பார். இவர் தலையை ஆட்டுவார். "வெரி குட்" என்று அதே மாத்திரையை எழுதித் தருவார். எங்கள் மகன் கிங்ஸ்லி மஸ்கட்டில் இருக்கிறான். அவனும் அப்படித்தான், "எம்மா, அப்பாட்ட போனக் குடுங்க" என்பான். கொடுப்பேன். "ஏ மக்கா" என்பார். "சாப்டியா?" என்பார். "நல்லாருக்கேன்" என்று திருப்பி என்னிடம் தந்துவிடுவார். மிச்சத்தை நான் சொல்வேன்.

பங்குனியில் எங்கள் பக்கம் ஒரு கன்வென்ஷன், மைதானத்தில் பெரிய மேடை போட்டு. அங்கேயும் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். இவரையும் மேடைக்கு வரச் சொன்னார்கள். பலகையில் அடித்த படி, கொஞ்சம் செங்குத்து. ஏறினார். ஏறி என் பக்கத்தில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பாருங்க, ஸ்டென்ட் வச்ச மனுஷர், இளவட்டம் மாதிரி ஏறுறாங்க" என்று மைக்கில் ஒருவர் சொன்னதும் கூட்டமெல்லாம் அல்லேலூயா போட்டது. இவர் முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. லைட்டு சூடு. நான் முந்தியால் துடைத்துவிட்டேன். அதையும் யாரோ போட்டோ எடுத்தார்கள். நல்லா வந்திருந்தது.

இறங்கினதும் சலோமி என்று எங்கள் ஊர்ப் பெண் ஓடிவந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசு. அவள் வீட்டுக்காரனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ண வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். "அண்ணாச்சி, உங்களப் பாத்துத்தான் நாங்க தைரியமா இருக்கோம். உங்களுக்கு ஒரு வலியும் இல்லேல்லா?" என்று கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "இல்லம்மா" என்றார். அவர் வாயாலேயே சொன்னார் தம்பி. நான் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு மகள் பியூலா வந்தாள். மதுரையில் டீச்சராக இருக்கிறாள். அவள்தான் அப்பாவோடு பால் வாங்கப் போய்விட்டு வந்து, வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, அப்பா ஏன் நாலு எடத்துல நிக்காங்க?"

"தொட்டி பாப்பாங்கட்டி. ஆடு பாப்பாங்க."

"ஆடு பாக்காங்களாம்! மூச்சு வாங்குதும்மா அவங்களுக்கு. உதடெல்லாம் வெளிறிப்போகுது. நீங்க பாக்கவே இல்லியா?"

"நான் தெனமும் பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

"நீங்க ஏம்மா அப்பாவுக்குப் பதிலாப் பேசுதீங்க? நான் அப்பாட்ட கேக்கேன்."

"கேளேன். அவங்க பேசுனா நான் ஏன்டி பேசப்போறேன்?"

கேட்டாள். "வாயு" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவள் விடவில்லை, திருநெல்வேலிக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போனாள். இன்னொரு தடவை ஆஞ்சியோ படம் எடுத்துப் பார்த்தார்கள். ஸ்டென்ட் நன்றாக இருக்கிறது, வேறு எங்கேயும் அடைப்பே இல்லை, குழாய் எல்லாம் சுத்தம் என்றார்கள். நான் அங்கேயே ஸ்தோத்திரம் சொன்னேன். டாக்டர், "வயசான ஆளு, ஒரு தடவை அட்டாக் வந்த பயம் மனசுல இருக்கும். லேசா வாயுவும் இருக்கலாம்" என்றார். பியூலா முகம் தொங்கிப்போனது. நான் அவளிடம், "பாத்தியா" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மனசுக்குள்தான் சொன்னேன்.

இவருக்கு ஓமத் தண்ணீர், பூண்டுக் கஷாயம், சுக்கு எல்லாம் கொடுத்தேன். குடிப்பார். "எப்படி இருக்கு?" என்றால் "தேவல" என்பார். ஆனால் அந்த ஆஞ்சியோவுக்குப் பிறகு ஆளே ஒரு மாதிரி ஆகிவிட்டார். முன்பு பேசமாட்டார், ஆனால் வீட்டில் இருப்பார். இப்போது இருந்தும் இல்லாத மாதிரி. கோயிலுக்கு வருவார், பாட்டுப் பாடும்போது வாயைத் திறக்கமாட்டார். ஒருநாள் துணி காயப்போடும்போது கேட்டது, முருங்கை மரத்துப் பக்கம் நின்று தனக்குத்தானே, "படத்துலயும் இல்ல, அப்போ எனக்குத்தான் கிறுக்கு" என்றார். என்ன என்று ஓடிப்போய்க் கேட்டேன். "ஒன்னுமில்ல, மரத்துல புழு வச்சிருக்கு" என்றார்.

இதோ முழித்துவிட்டார். என்னங்க, எங்க போறீங்க? காத்தா? ஃபேன் ஓடுதே. தண்ணி தரட்டா? சரி, கதவுப் பக்கம் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க.

உங்களைப் பார்த்துச் சிரித்தாரே, என்ன சொன்னார்? "உங்களையும் புடிச்சிக்கிட்டாளா" என்றா? அவருக்கு இந்தக் கிண்டலெல்லாம் வெளியாளிடம்தான் வரும்.

எங்கே விட்டேன்? ஆமா, மதுரை. பியூலா லேசில் அடங்கமாட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கிவிட்டாள். நான், "அடைப்பே இல்லைன்னு சொன்ன பெறவு எதுக்குட்டி?" என்றேன். "அடைப்பு இல்லேன்னா வலி இல்லேன்னு யாரும்மா சொன்னா?" என்றாள். ஆவணியில் போனோம்.

அந்த டாக்டரம்மா பழைய பேப்பர் எல்லாவற்றையும் பொறுமையாய்ப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்து, "உங்களுக்கு எப்பல்லாம் வலிக்குது?" என்றார். நான், "அவங்களுக்கு வலியே" என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றார். கோபமாய்ச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் என்னை வெளியே இருக்கச் சொல்லி அவரிடம் மட்டும் பேசினவர்கள் யாரும் கிடையாது. நர்ஸ் பிள்ளை ஒரு நாற்காலியைக் காட்டினாள்.

கதவு சரியாய்ச் சாத்தவில்லை. நான் ஒட்டுக்கேட்கவில்லை தம்பி, காதில் விழுந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவர் குரல். வீட்டில் பேசுகிற குரல் இல்லை. பஸ்ஸில் பேசுகிற குரல். கல்யாணமான புதிதில் அவர் பஸ்ஸில் ஏறி எங்கள் அம்மா வீட்டுக்குப் போவேன், அப்போது கேட்ட குரல். "வீட்டைவிட்டு எறங்குனா தண்ணித் தொட்டிகிட்ட பிடிக்கும். அங்க நின்னா விடும். அடுத்தது நோட்டீஸ் ஒட்டுற செவரு. அப்புறம் ஆட்டுக்காரர் வீடு. கோயில் வாசல்ல பிடிச்சா லேசுல விடாது. முழங்கால் போட்டா எழும்ப முடியாது, நெஞ்சு மேல ஆள் உக்காந்த மாதிரி இருக்கும், அது எறங்குற வரைக்கும் அப்படியே கெடப்பேன்." ஊர் பேரைச் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாய்ச் சொன்னார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். இடையில் சிரித்தார்கூட. என்னிடம் அவர் அவ்வளவு பேசின ஞாபகம் இல்லை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் ஜெபம் பண்ணப் பார்த்தேன். என்ன சொல்லி ஜெபிக்கிறது என்று வரவில்லை.

மறுநாள் பரிசோதனை. கை வழியாய் ஒரு மெல்லிசுக் குழாயை விட்டு, மருந்து கொடுத்து, ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அளந்து பார்த்தார்கள். முடிந்தபிறகு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "பெரிய குழாய்ல ஒன்னும் இல்ல, ஸ்டென்ட்டும் நல்லாருக்கு. ஆனா அதுல இருந்து பிரிஞ்சு போற பொடிக் குழாய்கள், மயிர் மாதிரி இருக்கும், சாதாரணமா எடுக்குற படத்துல அது தெரியாது. நடக்கும்போது அது விரிஞ்சு கொடுக்கணும். இவருக்கு விரியாம சுருங்கிக்குது. அதான் வலி. வலி நிஜம். கற்பனை இல்ல, வாயு இல்ல."

வலி நிஜம் என்று அவர் சொன்னதும் இவர் அழுதுவிட்டார் தம்பி. சத்தம் இல்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. அவர் அம்மா இறந்தபோதுகூட அழாதவர். டாக்டரம்மா டேபிளிலிருந்து பேப்பர் எடுத்துக் கொடுத்தார், துடைக்க. எனக்குப் புரியவில்லை. வியாதி இருக்கிறது என்று சொன்னால் யாராவது நிம்மதியாய் அழுவார்களா?

"இதுக்கு மருந்து உண்டு" என்றார். "ஆனா ஒரே அளவு எல்லாருக்கும் சரிப்படாது. கூட்டிக் குறைச்சுத்தான் பாக்கணும். அதனால வலி வந்தா வந்ததுன்னு சொல்லணும். அதுதான் எனக்கு வேணும். மறைச்சீங்கன்னா நான் குருடி மாதிரிதான் மருந்து எழுதணும். விட்டா மறுபடி அட்டாக்கே வரலாம்." நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையும் கொடுத்தார், வலி வந்த உடனே வைத்துக்கொள்ள. "இத்தனை மாசம் ஏன் ஐயா சொல்லல?" என்று கேட்டார். இவர் அந்த மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து, பியூலா ஆட்டோ பிடிக்கப் போயிருந்தாள். நான் கேட்டேன், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ எல்லார் முன்னாலயும் சொல்லிட்டிய. பெறவு நான் எப்படிச் சொல்ல? உன்னப் பொய்க்காரின்னு சொல்லவா?"

பாருங்க தம்பி, என் வார்த்தைக்கு எவ்வளவு மரியாதை! எந்த ஆம்பளை தன் பெண்டாட்டி சொன்ன சொல் கீழே விழக்கூடாது என்று வலியைப் பொறுப்பான்? இதை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் இரவில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. சொல்லாதீங்க என்று நான் ஒருநாளும் சொன்னதில்லையே. வலிக்குதா என்று கேட்டதுகூட இல்லை என்று பியூலா சொல்கிறாள். கேட்டிருப்பேன். கேட்காமலா இருந்திருப்பேன்?

ஊருக்கு வந்ததும் நேரே ஐயரிடம் போனேன். "ஐயா, முழுச் சுகம்னு சொல்லிட்டேன். இன்னும் வலி இருக்காம். அடுத்த ஞாயித்துக்கிழமை எழும்பி அதையும் சொல்லிரட்டுமா? அப்பத்தான் அவங்களுக்கும் வாய் திறக்கும்" என்றேன். ஐயர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "வேண்டாம்மா. பலவீனமான விசுவாசிகள் இடறிப்போவாங்க. அந்தச் சலோமியை நெனச்சுப் பாருங்க, அவ புருஷனுக்கு இப்பத்தான் ஆபரேஷன் நாள் குறிச்சிருக்கு. சுகம் சுகம்தான், போகப்போகப் பூரணமாயிரும்" என்றார். படித்தவர், சொன்னால் சரியாய்த்தான் இருக்கும். திரும்பி வரும்போது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நானும் ஒரு நிமிஷம் நின்றேன். எனக்கு ஒரு வலியும் இல்லை. சும்மா நின்றேன்.

இன்றைக்குத்தான் மருந்து சரியாய் இருக்கிறதா என்று பார்க்க வரச் சொன்ன நாள். பியூலாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நாங்கள் இரண்டு பேருமே போனோம். அந்த டாக்டரம்மா ஏதோ அவசரம் என்று வரவில்லை. வேறே ஒரு சின்ன டாக்டர், உங்கள் வயசுதான் இருக்கும். என்னை வெளியே போகச் சொல்லவில்லை, அதனால் உட்கார்ந்திருந்தேன். ஆனால் தம்பி, சத்தியமாய்ச் சொல்கிறேன், நான் வாயைத் திறக்கவே இல்லை. முந்தியைச் சுருட்டி வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டேன். "இப்ப வலி இருக்கா ஐயா?" என்று அந்த டாக்டர் கேட்டார். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். சொல்லுங்க என்கிற மாதிரி நான் தலையைக்கூட ஆட்டினேன். அதை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டாரோ.

"இல்ல டாக்டர்" என்றார். "நல்லாருக்கேன்."

"அப்ப இதே டோஸ் போதும், மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அந்தச் சின்ன டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். நல்ல சேதிதானே? ஸ்டேஷனுக்கு வருகிற வரைக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் டிக்கெட் எடுக்கப் பணத்துக்காக அவர் சட்டைப் பையில் கை விட்டேன். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அட்டை, போன வாரம்தான் நானே வாங்கி வைத்தது. பாதிக்கு மேல் காலி. வலியே இல்லாத மனுஷருக்கு அது எப்படித் தம்பி தீரும்? கீழே கொட்டியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அட்டையில் இருக்கிறது எப்படிக் கொட்டும்?

அவர் போய் எவ்வளவு நேரமாச்சு? கோவில்பட்டிக்கு முன்னால் எழும்பினாரா, பின்னால் எழும்பினாரா? அதோ, கதவோரம் அவர் முதுகு தெரிகிறது. வெளியே அப்படி என்ன பார்க்க இருக்கிறது, கரிசல் காடும் கருவேலமும்தான். தலையைக் கம்பியில் சாய்த்திருக்கிறார்.

தம்பி, ஒரு உதவி கேட்டால் தப்பாய் நினைக்கமாட்டீங்களே? நான் போனால், என்ன பண்ணுகிறீங்க என்று கேட்பேன், காத்து என்பார். வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. நீங்க கை கழுவப் போகிற மாதிரி அந்தப் பக்கம் போங்க. எடுத்த உடனே கேட்காதீங்க. எந்த டெப்போவில் வேலை பார்த்தீங்க, எந்த ரூட் என்று கேளுங்க, அதற்குப் பதில் சொல்வார். பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் பேசவிடுங்க. அப்புறம், சும்மா கேட்கிற மாதிரி, "நெஞ்சு வலிக்குதா ஐயா?" என்று கேளுங்க. உங்களிடம் சொல்வார். உங்களுக்கு அவர் சுகமாய் இருக்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லையே.

ஆமா என்று சொன்னால், மாத்திரை சட்டைப் பையிலேயே இருக்கிறது, அங்கேயே உட்காரவைத்து எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்க. என் முன்னால் வைக்கமாட்டார். வந்து என்னிடம் தலையை மட்டும் ஆட்டுங்க, போதும். நான் பியூலாவுக்குப் போன் போட்டு, அந்த டாக்டரம்மாவிடம் அவளைப் பேசச் சொல்கிறேன். நான் கேட்கச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீங்க.

போங்க தம்பி. நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.